குரங்கணிப் பாதையும் மாசித் தீயும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் குரங்கணியைத் தமிழ்நாடு முழுக்க அறிந்தது 2018 மார்ச் 11-க்குப் பிறகுதான். மேலே இருக்கும் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்கள் அன்று காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். மனிதர் போகக்கூடாத காட்டுக்குள் போனதால் வந்த வினை என்று அப்போது பலரும் பேசினார்கள். அந்த மலையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மூணாறு தேயிலை வெளியுலகுக்கு வந்த வழியே இதுதான். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் போட்ட ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் அதற்குப் பதிலாக வந்த சிறு ரயிலும் தேயிலைப் பெட்டிகளை மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனில் இறக்கின. அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி அவை குரங்கணிக்கு அருகே கொட்டகுடிப் பக்கம் இறங்க, மாட்டுவண்டிகள் போடிக்கு இழுத்துச் சென்றன. 1924 பெருவெள்ளம் ரயில்பாதையை அழித்தது. பின்னாளில் சரக்கெல்லாம் லாரிச் சாலைக்கு மாறிவிட்டது. பிழைப்புக்காக ஏறியவர்கள் குறையக் குறைய, விடுமுறைக்கு ஏறுகிறவர்கள் பெருகினார்கள். பாதை கைமாறியது, பாதையைப் பற்றிய அறிவு கைமாறவில்லை. குரங்கணித் துயரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த அறிவு என்ன என்பதைச் சரிவிலேயே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளரும் புல், மாசி பிறந்ததும் காய்ந்து சருகாகிறது. சரிவில் தீ பொதுவாக மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். கீழே எரியும் சூட்டில் மேலே இருக்கும் புல் முன்கூட்டியே உலர்ந்துவிடும், காற்றும் பகலில் மலையேறி வீசும். ஓடும் மனிதனைப் புல்தீ எளிதில் முந்திவிடும். அன்று சிலர் ஓடிப் பள்ளத்தில் விழுந்ததும் இதனால்தான். புல் எரிந்து கருகிய தரையே அந்த நேரத்தில் ஓரளவு பாதுகாப்பான இடம் என்பது மலையில் வாழ்கிறவருக்குத் தெரியும். வாரக் கடைசியில் பேருந்தேறி வந்தவருக்கு யார் சொல்வது?

தீயை வைப்பதே மலைவாசிகள்தானே, அவர்கள் அறிவை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புதுப்புல் முளைக்கப் பழைய புல்லைக் கொளுத்தும் வழக்கம் நம் மலைகளில் இருந்தது உண்மை. 1882-இன் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் காடு எரியாமல் இல்லை. தடையால் தீ அடங்கிவிடவில்லை. மறுபுறம், அந்த மார்ச் மாதத்தில் சரிவேறி, காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கிவந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். அப்படியானால் மலையேற்றத்தையே நிறுத்திவிடலாமே என்பது அடுத்த வாதம். நிறுத்தினால் திருட்டுத்தனமாக ஏறுவது கூடும். வழிகாட்டிப் பிழைக்கக்கூடிய குடும்பங்களும் மலையை விட்டு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் அறிவும் அவர்களோடு போய்விடும்.

2018-க்குப் பிறகு வந்த விதிகளும், 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டமும் ஏறுகிறவருக்கும் அந்த அறிவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பத்தான் முயல்கின்றன. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர்க்காரர்களே அதில் வழிகாட்டிகள். தீக்காலத்தில், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, பாதைகளை மூடுகிறார்கள். அது ஏறத்தாழ மாசியும் பங்குனியும்தான். அந்த இரண்டு மாதமும் மலைக்கு விடுங்கள். போக விரும்புகிறவர்கள் தையிலேயே, அந்த ஊர்க்காரர் ஒருவரை முன்னால் நடக்கவிட்டு, போய்வாருங்கள்.