பழைய அச்சுப்பொறியைப் புதிய கணினியுடன் இணைத்தல்

யூஎஸ்பி பரவுவதற்கு முன்போ, அது பரவத் தொடங்கிய காலத்திலோ தயாரான பிரிண்டர்களை இன்றைய விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளிலிருந்து இயக்குவதே பழைய அச்சுப்பொறியை இணைத்தல் எனப்படுகிறது. இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கம்பி பொருந்துமா? கணினி அனுப்புவது பிரிண்டருக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? அந்த மொழியில் பக்கத்தை எழுதித் தரும் டிரைவர் மென்பொருள் இன்னும் கிடைக்கிறதா? பழுது பார்க்கும் கடைகளில் பேச்சு முதல் கேள்வியோடு நின்றுவிடும். ஆனால் பிரிண்டரின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விதான். 1980-ஐ ஒட்டி வந்த டாட் மேட்ரிக்ஸ் எந்திரம் இன்றைய கணினியோடு ஒத்துப்போகிறது. அதற்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த லேசர் பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது. இதற்கும் காரணம் மொழியே.

இன்றும் பழைய பிரிண்டரைத் தேடி வைத்துக்கொள்வோருக்குத் தக்க காரணம் உண்டு. ஊசிகள் ரிப்பனைத் தட்டி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் வகையில்தான் கார்பன் நகல் ஒரே அடியில் விழும். பார்சல் அலுவலகங்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் பில் இரண்டு மூன்று தாளாக வர வேண்டும். லேசராலும் இங்க்ஜெட்டாலும் அது முடியாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி 240, எப்சனின் எல்எக்ஸ்-300 போன்றவை தமிழ்நாட்டுக் கடைமேசைகளில் நிலைத்து நின்றது இதனால்தான்.

கம்பியும் செருகியும்

பேரலல் போர்ட் என்று நாம் சொல்லும் இணைப்பு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட மாடல் 101 பிரிண்டரோடு வந்தது. பிரிண்டரின் முதுகில் இருக்கும் 36 முனை அகலச் செருகிக்கு அந்த நிறுவனத்தின் பெயரே நிலைத்துவிட்டது. 1981-இல் ஐபிஎம் தன் பிசியில் கணினிப் பக்கத்துக்கு 25 முனைச் செருகியைத் தேர்ந்துகொண்டது. அன்றுமுதல் பிரிண்டர் கேபிளின் ஒரு முனை 25 ஆகவும் மறுமுனை 36 ஆகவும் இருந்து வருகிறது. 1990-களின் பிற்பாதியில் வந்த சில ஹெச்பி லேசர்ஜெட்களில் 36 முனைதான் என்றாலும் செருகி சிறியது. அதற்குத் தனிக் கேபிள் வேண்டும். வாங்குமுன் பார்த்துக்கொள்ளாவிட்டால் பணம் வீண்.

வேலை செய்யும் முறை எளிமையானது. எட்டுக் கம்பிகளில் ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகளும் ஒரே நேரத்தில் நிற்கும். ஸ்ட்ரோப் என்ற கம்பியில் கணினி ஒரு சிறு துடிப்பைத் தரும். பிரிண்டர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அடுத்ததற்குத் தயாராகும் வரை பிஸி கம்பியை உயர்த்தி வைத்திருக்கும். தாள் தீர்ந்ததைச் சொல்ல இன்னொரு கம்பி. எல்லாம் 5 வோல்ட்டில் நடக்கும். 1994-இல் வந்த ஐஈஈஈ 1284 தரம் இதையே இருவழிப் பேச்சாக்கி, வேகத்தைப் பல மடங்கு உயர்த்தி, கேபிள் நீளத்தைப் 10 மீட்டர் வரை அனுமதித்தது. யூஎஸ்பி போல் இதை ஓடிக்கொண்டிருக்கும்போது செருகக் கூடாது. இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கேபிளைத் தொட வேண்டும். அவசரத்தில் போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு.

இன்றைய மடிக்கணினியில் இந்தப் போர்ட் கிடையாது. மலிவான தீர்வு யூஎஸ்பி–பேரலல் மாற்றுக் கேபிள். இதைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்: அந்தக் கேபிள் கணினிக்கு ஒரு பேரலல் போர்ட்டைத் தருவதில்லை. உள்ளே இருக்கும் சிறு சிப், தன்னையே ஒரு யூஎஸ்பி பிரிண்டராகக் கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. விண்டோஸில் அது பேரலல் போர்ட்டுக்குரிய எல்பிடி1 என்ற பெயரில் தோன்றாமல் யூஎஸ்பி001 என்பது போன்ற பெயரில் ஒரு போர்ட்டாக நிற்கும். டிரைவரை நிறுவும்போது எல்பிடி1-ஐத் தேர்ந்தால் எதுவும் அச்சாகாது. இந்த யூஎஸ்பி போர்ட்டைத் தேர்ந்தால் போதும். கேபிளே கெட்டது என்று தூக்கி எறியப்படுபவற்றில் பல, போர்ட் மாறியதால் மட்டுமே ஊமையானவை.

பேரலல் போர்ட்டின் முகவரிக்கு நேரடியாக எழுதும் பழைய மென்பொருளுக்கு இந்தக் கேபிள் பயன்படாது. மேசைக் கணினியாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை ஒன்றைப் பொருத்தி உண்மையான பேரலல் போர்ட்டையே பெறலாம். டாஸ் காலத்துக் கணக்கு நிரல்களுக்கு வேறொரு தடையும் உண்டு. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை இயக்குவதே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற பாவனை மென்பொருளுக்குள் நிரலை ஓட்டி, அதன் எல்பிடி வெளியீட்டை விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம்.

சீரியல் போர்ட் பிரிண்டர்களில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேகம், பேரிட்டி, நிறுத்து பிட் ஆகிய மூன்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் தாளில் குப்பை எழுத்துகள் விழும். யூஎஸ்பி–சீரியல் மாற்றி, பேரலல் கேபிளைப் போலன்றி, உண்மையான காம் போர்ட்டையே தருவதால் இங்கே சிக்கல் குறைவு.

அலுவலக லேசர் பிரிண்டருக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி வலையமைப்பு அட்டை. ஹெச்பி 1991-இல் தொடங்கிய ஜெட்டைரக்ட் வரிசை அட்டைகள், 9100 என்ற போர்ட்டில் வருவதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடும். இன்றைய விண்டோஸும் லினக்ஸும் இந்த முறையில் இன்னமும் அச்சிடுகின்றன. அட்டைக்கு நிலையான ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்து, அது வெளி இணையத்தை எட்டாதபடி ரூட்டரில் தடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்து அட்டைகளில் கடவுச்சொல் பாதுகாப்பு என்பது பெயரளவுக்கே.

பிரிண்டரின் மொழி

கம்பி வழியாகப் போவது பக்கத்தின் படம் என்றே பலர் நினைக்கிறார்கள். பழைய பிரிண்டருக்குப் போவது கட்டளைகள். எப்சன் எம்எக்ஸ்-80, 80 எழுத்து அகலமும் நொடிக்கு 80 எழுத்து வேகமும் கொண்ட 9 ஊசி எந்திரம். ஐபிஎம் தன் பெயரைப் பொறித்தே அதை விற்றது. அந்த எப்சன் வரிசையிலிருந்து வளர்ந்த ஈஎஸ்சி/பி என்ற கட்டளைத் தொகுப்பு, டாட் மேட்ரிக்ஸ் உலகின் பொது மொழியாகிவிட்டது. கட்டளைகள் முழுக்க வெளிப்படையான கையேடுகளில் அச்சாகிக் கிடந்ததால் மற்ற நிறுவனங்களும் அதையே பேசும் எந்திரங்களைச் செய்தன. 1984-இல் முதல் லேசர்ஜெட் ஹெச்பியின் பிசிஎல் மொழியைப் பேசியது. அதே ஆண்டில் அடோபி போஸ்ட்ஸ்கிரிப்டை வெளியிட்டது. 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலைத் தானே ஓட்டிப் பக்கத்தை வரைந்தது. அதற்காக அதனுள் வைக்கப்பட்ட கணினி, அப்போதைய மேக்கின்டாஷைவிட ஆற்றல் மிக்கது.

இந்த மூன்றில் ஒன்றைப் பேசும் பிரிண்டர் கையில் இருந்தால் கவலை வேண்டாம். தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும், டிரைவர் இணையதளத்திலிருந்து நீங்கினாலும், மொழி தெரிந்தவர் எவரும் புதிய டிரைவர் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

விலையைக் குறைக்க 1990-களில் நிறுவனங்கள் வேறு வழியில் போயின. பிரிண்டருக்குள் இருந்த செயலியையும் நினைவகத்தையும் சுருக்கி, பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் கணினியின் தலையில் வைத்தன. கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 ஆகிய இரண்டும் இந்தியாவில் வீட்டுக்கு வீடு, ஜெராக்ஸ் கடைக்குக் கடை காணக்கிடைத்தவை. முன்னது கேப்ட் என்ற தனி மொழியைப் பேசுகிறது. பின்னது இன்னும் ஒரு படி மேலே: அதன் இயக்க மென்பொருளே எந்திரத்தில் நிலையாக இருப்பதில்லை, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போட்டதும் கணினி அதை அனுப்பியாக வேண்டும். இவற்றில் இயந்திரப் பாகங்கள் உறுதியானவை, டோனர் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனாலும் டிரைவர் இல்லாத கணினியில் இவை வெறும் பெட்டிகள். நன்றாக ஓடும் எந்திரத்தை, அதன் மொழியை மூடிவைத்த ஒரே காரணத்தால் குப்பையில் போட வைப்பது வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் மொழியை வெளியிலிருந்து கண்டறிந்து எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவரால் லேசர்ஜெட் 1020 லினக்ஸிலும் ஓடுகிறது.

ஆகவே எந்தப் பழைய பிரிண்டரிலும் முதல் வேலை, கணினி இல்லாமலேயே சோதனைத் தாள் ஒன்றை எடுப்பது. எப்சன் டாட் மேட்ரிக்ஸில் தாளை நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் அது வரும். அலுவலக லேசர்ஜெட்டில் மெனுவிலிருந்தே எடுக்கலாம். அந்தத் தாளில் நினைவக அளவும் மொழிகளும் அச்சாகியிருக்கும். தாள் ஒழுங்காக வந்தால் எந்திரம் நலம், இனித் தேட வேண்டியது கம்பியிலும் டிரைவரிலும்.

நினைவக அளவையும் அசட்டை செய்யக் கூடாது. 1992-இல் வந்த லேசர்ஜெட் 4 அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சிடும். அடிப்படை நினைவகம் 2 எம்பி. முழு ஏ4 பக்கத்தைப் படமாக அனுப்பினால், சுருக்காத நிலையில் அது 4 எம்பியைத் தாண்டும். இன்றைய டிரைவர்கள் பக்கத்தைப் படமாகவே அனுப்ப விரும்புவதால், எளிய பிடிஎஃப் கூட நினைவகப் பிழையில் நின்றுபோகலாம். டிரைவரில் 300 புள்ளி என்று குறைத்தால் அதே பக்கம் சுமார் 1 எம்பியில் அடங்கும்.

தமிழில் அச்சிடுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: டாட் மேட்ரிக்ஸ் எந்திரத்தின் உள்ளே இருக்கும் எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளுக்கானவை. டேலி போன்ற கணக்கு மென்பொருளில் டிராஃப்ட் முறையிலோ, விண்டோஸின் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரிலோ யூனிகோடு தமிழை அனுப்பினால் கேள்விக்குறிகளோ கிறுக்கல்களோ வரும். தமிழ் வேண்டுமென்றால் எந்திரத்தின் சரியான டிரைவரைப் போட்டு கிராஃபிக்ஸ் முறையில் அச்சிட வேண்டும். வேகம் வெகுவாகக் குறையும். எண்களும் ஆங்கிலமும் மட்டுமே உள்ள பில்லுக்கு டிராஃப்ட்டும், தமிழ் முகவரி உள்ள ரசீதுக்கு கிராஃபிக்ஸும் என்று இரண்டு பிரிண்டர் பெயர்களை ஒரே எந்திரத்துக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. விண்டோஸ் அதை அனுமதிக்கிறது.

டிரைவர்கள் மறையும் காலம்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான். ஆர்ம் செயலி கொண்ட புதிய மடிக்கணினிகளிலோ, இன்டெல் கணினிக்கு எழுதிய 64 பிட் டிரைவரும் செல்லாது. 2021 ஜூலையில் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு, வலையமைப்பு வழியே பிரிண்டர் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. தயாரிப்பாளர் தரும் நிறுவல் கோப்பைக் கையில் வைத்திருந்தால் அதை நிறுவத் தடை அறிவிக்கப்படவில்லை. அதனால் உங்கள் மாடலுக்கான டிரைவர் இன்று கிடைக்கும்போதே இறக்கி, இரண்டு இடத்தில் சேமித்து வைப்பது நல்லது.

டிரைவரே கிடைக்காதபோது விண்டோஸுடன் வரும் பொது டிரைவர்களை முயலலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டருக்கு மைக்ரோசாஃப்ட் பிஎஸ் கிளாஸ் டிரைவர் உதவும். பிசிஎல்6 கிளாஸ் டிரைவர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிசிஎல்6 பழைய பிசிஎல்லிலிருந்து வேறான மொழி. லேசர்ஜெட் 4 போன்ற பிசிஎல்5 எந்திரத்துக்கு அதை அனுப்பினால் தாள் தாளாகக் குறியீடுகள் கொட்டும். இன்னொரு வழி, 32 பிட் விண்டோஸ் ஒன்றை மெய்நிகர் கணினியில் நிறுவி, யூஎஸ்பி பிரிண்டரை அதனிடம் ஒப்படைப்பது. அந்தப் பழைய விண்டோஸுக்கு இணைய இணைப்பு தரவே கூடாது.

நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி

இத்தனை வழிகளிலும் நீடித்து நிற்பது, பிரிண்டருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைப்பது. மைக்கேல் ஸ்வீட் 1990-களின் இறுதியில் எழுதிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் லினக்ஸிலும் மேக்கிலும் அடித்தளமாக இருக்கிறது. 2007-இல் ஆப்பிள் அதன் மூலநிரலை வாங்கியது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டற்ற நிரல் பக்கத்தை வரைகிறது. கூட்டன்பிரிண்ட் தொகுப்பில் எப்சன், கேனான், பிசிஎல் எந்திரங்கள் பலவற்றுக்கு டிரைவர் உண்டு.

ராஸ்பெரி பை போன்ற கைக்கடக்கக் கணினி ஒன்றில் கப்ஸை நிறுவி, யூஎஸ்பி–பேரலல் கேபிளால் பிரிண்டரைக் கோர்த்து, வீட்டு வைஃபையில் விட்டால், அது ஐபிபி என்ற நவீன அச்சு நெறிமுறையில் புதிய பிரிண்டராகத் தன்னை அறிவித்துக்கொள்ளும். ஆப்பிளின் ஏர்பிரிண்ட்டும் விண்டோஸின் ஐபிபி டிரைவரும் அதை இயல்பாகக் கண்டுகொள்கின்றன. கைபேசியிலிருந்து எல்எக்ஸ்-300-இல் அச்சிட வேறு எதுவும் நிறுவ வேண்டியதில்லை. பையின் செயலி ஆர்ம் வகை என்பதால், இன்டெல் கணினிக்கு மட்டும் கிடைக்கும் மூடிய டிரைவர்களை அதில் ஓட்ட முடியாது. எல்பிபி 2900-க்குக் கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் அப்படிப்பட்டது. அதற்குப் பழைய இன்டெல் மேசைக் கணினி ஒன்றையே நடுவில் வைப்பது மேல்.

கப்ஸிலும் டிரைவர் கோப்புகளுக்கான ஆதரவு விலகிக்கொண்டிருக்கிறது. அடுத்த பெரும் பதிப்பான கப்ஸ் 3, ஐபிபி பிரிண்டர்களை மட்டுமே ஏற்கும். ஓப்பன்பிரிண்டிங் குழு அதற்கு மாற்றாக, பழைய டிரைவரைத் தன்னுள் வைத்துக்கொண்டு வெளியே ஐபிபி பிரிண்டராகத் தோன்றும் பிரிண்டர் அப்ளிகேஷன்கள் என்ற சிறு நிரல்களை உருவாக்கியிருக்கிறது. கூட்டன்பிரிண்ட்டுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கும் ஹெச்பி எந்திரங்களுக்கும் தனித்தனியே அவை வந்துவிட்டன.