தாடையில் வைத்த எலும்பு எங்கே போகிறது? ஒரு நூறு வருஷக் கதை

1/ "சார், இடுப்புல எலும்பு எடுத்து தாடையில வச்சாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப எக்ஸ்ரே பாத்துட்டு பாதி கரைஞ்சு போச்சுன்னு சொல்லுதாங்க. அப்ப வச்சது சரியில்லையோ?"
சாயர்புரம், ஏரல் பக்கத்து ஆட்கள் கேட்கிற கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ முதலில், நம்ம பக்கம் தாடை எலும்பை ஏன் எடுக்க வேண்டி வருது? விபத்து, கட்டி எல்லாம் உண்டு. ஆனா பெரிய காரணம் வாய்ப்புற்று. வெத்தலை பாக்கோட புகையிலையைச் சேர்த்து கன்னத்துல அடக்குற பழக்கம். ஈறும் கன்னமும் சேர்ற இடத்துல புண் வந்து, அடியில இருக்கிற எலும்புக்குள்ள இறங்கிடும்.

3/ இது புதுசு இல்லை. நாகர்கோவிலைத் தாண்டி இருக்கிற நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்து பென்டால் என்ற டாக்டர் 1908-லேயே 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். 1933-ல் அதே நெய்யூரைச் சேர்ந்த ஆர், திருவிதாங்கூரில் வெத்தலை போடுறவங்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் எழுதி, புகையிலையைக் கைகாட்டினார்.

4/ அந்த நெய்யூரில் பல வருஷம் சர்ஜனாக இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போனவர். முதல் உலகப்போரில் பிரான்ஸில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்தவர். தாடை எலும்பு ஒட்டுற கதை பெரிசா வளர்ந்ததும் அதே போரில்தான்.

5/ பதுங்குகுழியில் இருந்து தலையைத் தூக்கினா குண்டு முகத்துல. தாடை போன ஆயிரக்கணக்கான பேர். 1917-ல் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் இதற்கென்றே ஆஸ்பத்திரி திறந்தாங்க. ஹரால்டு கில்லீஸ் தலைமையில் 5,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் சிகிச்சை பெற்றாங்க. விலா எலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் எடுத்து தாடையில் வச்சுப் பார்த்தாங்க. சிலருக்கு ஒட்டுச்சு. சிலருக்கு சீழ் பிடிச்சு வெளியே வந்தது. சிலருக்கு ஒட்டின பிறகு மெல்ல மெலிஞ்சது.

6/ ஏன் மெலியுது? இடுப்பிலிருந்து வெட்டி எடுத்த எலும்புக்கு ரத்த ஓட்டம் அறுந்து போச்சு. உள்ளே இருக்கிற செல்களில் பெரும்பாலானவை செத்துடும். மிஞ்சுறது ஒரு சாரம் மாதிரி. கட்டடத்துக்குச் சாரம் கட்டுறோம் இல்லையா, அதே. பக்கத்து எலும்பில் இருந்து ரத்தக்குழாய் ஊர்ந்து வரும். கூடவே இரண்டு வகை செல் வரும். ஒண்ணு பழசைத் தின்னும், ஒண்ணு புதுசைக் கட்டும். 1914-ல் ஃபெமிஸ்டர் என்ற அமெரிக்க சர்ஜன் இதுக்கு 'ஊர்ந்து மாற்றுதல்' என்று பொருள்படும் பேர் வச்சார்.

7/ தின்னுற வேகம் கட்டுற வேகத்தை மிஞ்சினா எலும்பு குறையும். மேல் தாடையில் வைத்த இடுப்பெலும்பை சிடி ஸ்கேனில் அளந்தபோது, முதல் ஆறு மாசத்திலேயே கிட்டத்தட்ட பாதி கன அளவு குறைஞ்சதைப் பார்த்திருக்காங்க. ஆக, கரையுறது மட்டுமே வச்சவர் தப்புன்னு சொல்லிட முடியாது. எலும்போட இயல்பும் அதுதான்.

8/ நம்ம நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல், கரண்ட். ரேடியேஷனைத்தான் நம்ம ஊர்ல அப்படிச் சொல்றோம். புற்று திரும்பாம இருக்க அது பலருக்கும் கட்டாயம். ஆனா அந்த இடத்துல சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் அடைஞ்சுக்கிட்டே போகும். ஊர்ந்து வர வேண்டிய குழாயே இல்லைன்னா எலும்பு எப்படிப் பிழைக்கும்?

9/ இதுக்கு விடை 1975-ல் மெல்போர்னில் கிடைச்சது. இயன் டெய்லர், காலில் உள்ள ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயோட எடுத்து, அடிபட்ட இன்னொரு காலில் வச்சு, மைக்ராஸ்கோப்பில் குழாயோட குழாயைத் தச்சார். 1989-ல் நியூயார்க்கில் ஹிடால்கோ அதே எலும்பைத் தாடைக்குக் கொண்டு வந்தார். இது சாரம் இல்லை, உயிரோட வர்ற எலும்பு. வெறும் எலும்பை விட இது கரையுறது ரொம்பக் குறைவு. அதனாலதான் சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தாலோ, ரேடியேஷன் உண்டுன்னாலோ இன்னைக்கு சர்ஜன்கள் காலைப் பார்க்கிறாங்க.

10/ அப்ப பிரச்சினை தீர்ந்துச்சா? இல்லை. எலும்புக்கு ரத்தம் மட்டும் போதாது, வேலையும் வேணும். பளு விழுற இடத்தில் எலும்பு தடிக்கும், விழாத இடத்தில் மெலியும். ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே எழுதினது. பல்லு போன தாடைக்கும் இதே விதி. பல் செட் போட்டவங்களை 25 வருஷம் தொடர்ந்து பார்த்து டால்கிரென் 1972-ல் எழுதினார்: மேல் தாடையை விட கீழ்த் தாடை நாலு மடங்கு தேய்ஞ்சிருந்தது.

11/ ஸ்வீடனில் பிரோன்மார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகை தாடைக்குள் வைத்தார். பல் செட் ஈறு மேல உக்காந்து எலும்பை அமுக்கும். திருகுல நிக்கிற பல் அப்படி இல்லை, மெல்லுற பளுவை எலும்புக்குள்ளேயே இறக்கும். ஒட்டு வைத்த எலும்பு நிலைக்கவும் இது உதவுது.

12/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஆபரேஷன் முடிஞ்சு, கரண்ட் முடிஞ்சு, 'புற்று போயிடுச்சு'ன்னு வீட்டுக்குப் போறாங்க. உப்பளத்துக்கோ கடலுக்கோ வேலைக்குத் திரும்பிடுறாங்க. பல்லு கட்டுறதை யாரும் யோசிக்கிறதில்லை. கஞ்சியிலேயே காலம் ஓடுது. வேலை இல்லாத எலும்பு சத்தமில்லாம மெலியுது. வலி இருக்காது. ஒருநாள் பிளேட் உடைஞ்சோ, தோலுக்கு வெளியே தெரிஞ்சோ வரும்போதுதான் நமக்கே தெரியும்.

13/ அதனால வீட்டில் இப்படி யாராவது இருந்தா:
• வலி இல்லாட்டியும் டாக்டர் சொன்ன தேதிக்கு செக்கப் போங்க.
• பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சாத்தான் எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரியும்.
• கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கும் முன்னாடி அதைக் கட்டாயம் சொல்லுங்க. சொல்லாம பிடுங்கினா புண் ஆறாமலே போகலாம்.
• சுகர் கட்டுக்குள் இருக்கணும். புகையிலை வேண்டவே வேண்டாம்.
• "பல் வைக்க முடியுமா"ன்னு நீங்களே கேளுங்க.

14/ எலும்பு குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா பயந்து ஆஸ்பத்திரிப் பக்கம் வராம இருந்துடாதீங்க. சீக்கிரம் வந்தா செய்ய வழி இருக்கு. கையில இருக்கிற எக்ஸ்ரே எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்.