தலைக்கட்டுக் கணக்கும் தார்ச்சாலையும்

ஜமாஅத்தில் தலைக்கட்டுக் கணக்கு எடுக்கும்போது ஒரு குடும்பம் விடுபட்டால், அதற்குச் சேரவேண்டியது சேராமற் போகும் என்பதை நாம் அறிவோம். ஊருக்கும் அரசுக்கும் உள்ள உறவும் இத்தகையதே. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துக் கிராமங்களின் போக்குவரத்து வரலாறு இதற்குச் சான்றாக நிற்கிறது.

1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப்பாதை நிறைவுற்றபோது ஈரோடு அதில் இடம்பெற்றது. அங்கிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலுள்ள கோபிக்கு இன்றளவும் ரயில் இல்லை. எனவே நெல்லும் வாழையும் மஞ்சளும், பள்ளிப் பிள்ளையும் நோயாளியும் சாலையையே நம்பி வந்துள்ளனர்.

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனப் பரப்பு 24,504 ஏக்கர். 1955-இல் பவானிசாகர் அணை நிறைவுற்று, கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கருக்கு நீர் தந்தது. நீர் சென்ற இடமெல்லாம் குடியும் சென்றது. ஆயினும் கொங்கு நாட்டில் குடியிருப்பு ஓரிடத்தில் குவிவதில்லை. தோட்டந்தோறும் ஒரு சாளை, பத்துச் சாளை சேர்ந்தால் ஒரு சிற்றூர் எனச் சிதறிக் கிடப்பது இம்மண்ணின் இயல்பு.

இங்குதான் சிக்கல் எழுகிறது. 1871-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, வருவாய்க் கிராமத்தையே அலகாகக் கொண்டது. 2011 கணக்கின்படி கோபி நகராட்சியின் மக்கள் தொகை 59,523 என்பதை எவரும் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வருவாய்க் கிராமத்துள் அடங்கிய சிற்றூர்களின் தொகை தனித்துத் தெரிவதில்லை. கிராமத்திற்குப் பேருந்து உண்டா, இல்லையெனில் எத்தனை தொலைவில் என்று மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு குறிக்கிறது. தலைமை ஊரில் பேருந்து நின்றால் ‘உண்டு’ என்று பதிவாகிவிடும். மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் சாளைக்காரரின் கால்வலி அந்த ஏட்டில் ஏறாது.

2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் இக்குறையை ஓரளவு நீக்கிற்று. கிராமத்தை விடுத்துக் குடியிருப்பை அலகாகக் கொண்டு, சமவெளியில் 500 பேரும், மலைப்பகுதியில் 250 பேரும் இருந்தால் சாலை என்று விதி வகுத்தது. அன்று முதல் தலை எண்ணிக்கையே தார்ச்சாலையாயிற்று. 2024-இல் ஒப்புதல் பெற்ற அதன் நான்காம் கட்டமும் 2011 கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. ஏனெனில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் 480 பேர் 520 ஆன குடியிருப்பு, ஏட்டில் 480 ஆகவே நின்றது.

பேருந்தின் கதையும் வேறன்று. பேருந்து எட்டாத ஊர்களுக்கென 1997-இல் தமிழகத்தில் சிற்றுந்துத் திட்டம் வந்தது, 2025-இல் விரிவாக்கப்பட்டது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. பேருந்தே வராத ஊரில் அச்சலுகை ஏட்டுச் சுரைக்காயே. அங்குள்ள பெண் ஆட்டோவுக்குக் காசு கொடுத்த பின்னரே இலவசப் பேருந்தை அடைகிறாள்.

ஆதலின் ஜமாஅத்தார்களே, 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பை அலட்சியமாகக் கருதலாகாது. தோட்டத்தில் குடியிருப்போர், வாடகைக்கு இருப்போர், அண்மையில் குடியேறியோர், முதியோர், கைக்குழந்தை என ஒருவரும் விடுபடாமல் பார்ப்பது நம் பொறுப்பு. 2001, 2011 கணக்கெடுப்புகளில், விவசாயம் அல்லாத பிற வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தூரம், எவ்வாறு பயணிக்கின்றனர் என்ற கேள்வியும் இருந்தது. அதற்குத் தரும் விடை, ஊருக்குப் பேருந்து வேண்டுமென எழுதும் மனுவுக்கு நிகராகும். மனு கோப்பில் உறங்கலாம், எண் உறங்காது. நம்மை எண்ணுவோருக்கு நாமே வழிகாட்டினால், நம் ஊருக்கும் வழி பிறக்கும்.