ஆறு பேர் மேல் விழுந்த பழி

கேகாலை, இரத்தினபுரி பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டு வெள்ளெனத் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைஞ்சிரும். ஆடி, ஆவணியில் மழை விட்ட விடியலில் லயத்தை விட்டு இறங்கும் நம் பெண்கள் நிமிர்ந்து பார்த்தால், கிட்டத்தட்ட உச்சியில் ஒரு சின்ன நட்சத்திரக் கொத்து தெரியும். அதுதான் கார்த்திகை.

சங்கப் பாடல்களில் இதன் பெயர் அறுமீன். நிலா அறுமீனோடு சேரும் இரவில் விளக்கேற்றும் வழக்கம் அகநானூற்றின் 141ஆம் பாட்டிலேயே வருகிறது. இன்றும் கார்த்திகை மாதப் பௌர்ணமிக்கு லயத்து வாசலில் விளக்கு வைக்கிறோம்.

நமக்குத் தெரிந்த கதை கந்தபுராணத்தின் கதை: சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள், பாலூட்டி வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள். மகாபாரதத்தின் வனபர்வத்தில் இதற்கு வேறொரு கதை இருக்கு. ஏழு ரிஷிகளின் மனைவிமார் மேல் அக்கினி ஆசைப்படுகிறான். அக்கினியை விரும்பிய சுவாகா, அந்த மனைவிமாரில் ஆறு பேரின் உருவத்தை எடுத்து அவனோடு சேர்கிறாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. முருகன் பிறந்ததும் பழி அந்த ஆறு பேர் மேல் விழுகிறது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விசுவாமித்திரர் சொல்லியும் கணவர்கள் கேட்கவில்லை, தள்ளிவைத்துவிடுகிறார்கள். அந்த ஆறு பேர்தான் வானத்துக்குப் போய்க் கார்த்திகை ஆனார்கள்.

கிரேக்கர்களும் இதே கொத்தை ஏழு சகோதரிகள் என்றார்கள். ஆறுதானே தெரியுது? மனிதனைக் கட்டிக்கொண்ட மெரோப்பி வெட்கத்தில் ஒளிந்துகொண்டாளாம். அங்கேயும் பழி பெண்ணுக்குத்தான்! ஜப்பானியர் இதை சுபாரு என்கிறார்கள். அந்தப் பெயர் கொண்ட காரின் சின்னத்திலும் ஆறு நட்சத்திரம்தான்.

1610இல் கலிலியோ தொலைநோக்கி வழியாகப் பார்த்து 36 நட்சத்திரங்களை வரைந்தார். ஆயிரத்துக்கும் மேல் உண்டு என்கிறது இன்றைய வானியல். ஆறு என்பது நம் கண்ணின் எல்லை மட்டும்தான்.

கல்யாணத்தில் அம்மி மிதிக்க வைத்து அருந்ததியைக் காட்டுகிறோம். மற்ற ஆறு பேரை அந்த நேரம் யாரும் காட்டுவதில்லை. சாட்சி சொல்ல ஆள் இருந்தும் தண்டிக்கப்பட்ட பெண்கள் அவர்கள். யாரோ சொன்ன ஒரு பேச்சுக்காகப் பெண்ணை ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் லயங்களிலும் இன்னும் போகவில்லை. அதனால் கார்த்திகை விளக்கு வைக்கும்போது தம்பி தங்கச்சிமாருக்கு இந்தக் கதையையும் சேர்த்தே சொல்லுவோம்.