101 ரூபாய் மஹரும் ஓர் ஆட்டின் விலையும்

நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இருக்கும் பழைய நிகாஹ் தஃப்தரைப் புரட்டிப் பார்த்தால், மஹர் என்ற இடத்தில் 'ரூபாய் 101' என்று எழுதியிருப்பதைக் காணலாம். சில குடும்பங்களில் பாட்டிக்கு எழுதிய அதே தொகையைப் பேத்திக்கும் எழுதுகிறார்கள். கேட்டால் "பரம்பரை வழக்கம்" என்பார்கள். உண்மையில் மாறாமல் இருப்பது எண் மட்டும்தான்.

ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 12ல் 11 பங்கு சுத்த வெள்ளி. ஸகாத்திற்கான வெள்ளி நிஸாப் 200 திர்ஹம். இந்திய உலமாக்களின் கணக்கில் 52½ தோலா, சுமார் 612 கிராம். ஆக, அப்படிப்பட்ட 58 ரூபாய் கையில் இருந்தாலே ஒருவர் நிஸாபைத் தொட்டுவிடுவார். 101 ரூபாய் மஹர் பெற்ற மணப்பெண்ணிடம் ஒரு கிலோவுக்கு மேல் வெள்ளி இருந்தது! 1940ல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947ல் அது நிக்கல் நாணயமாகிவிட்டது. இன்று 101 ரூபாய்க்கு ஒரு கிராம் வெள்ளிகூட வராது.

சில்லறையின் கதையும் இதுதான். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் 100 நயா பைசா வந்தது. நாம் மிட்டாய் வாங்கிய நாலணாவும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனது.

தங்கத்தின் நிலை வேறு. நபி (ஸல்) அவர்கள் உர்வா (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக நபியவர்கள் துஆ செய்த செய்தி புகாரியில் உள்ளது. (பேரம் பேசத் தெரிந்த ஸஹாபி!) ஒரு தீனார் 4.25 கிராம் தங்கம், அரைப் பவுனுக்குச் சற்றே அதிகம். இன்று அதை விற்றாலும் ஆட்டுச் சந்தையில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

இனி சட்டத்திற்கு வருவோம். ஹனஃபி மத்ஹபில் மஹரின் குறைந்த அளவு 10 திர்ஹம், அதாவது சுமார் 30 கிராம் வெள்ளி. அதைவிடக் குறைத்துப் பேசினால் நிகாஹ் கூடும். ஆனால் 10 திர்ஹம் கொடுத்தே ஆக வேண்டும். அன்று மூன்று வெள்ளி ரூபாயில் அந்த அளவு நிறைந்துவிட்டது. இன்றைய 101 அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தபட்ச வரம்பு இல்லை. எனவே நம் கடற்கரை ஊர்களில் 101 செல்லும்தான். ஆனாலும் செல்லுபடியாவது வேறு, பெண்ணுக்குப் பயன்படுவது வேறு.

பிற்படுத்தப்பட்ட மஹரில்தான் இழப்பு அதிகம். அது கணவன் மீதுள்ள கடன். அவர் மவ்த்தானால் வாரிசுப் பங்கீட்டிற்கு முன்பே அதைக் கொடுத்தாக வேண்டும். ரூபாயில் பேசியிருந்தால் அதே ரூபாய்தான் கடன். 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் கடனை விலைவாசியோடு இணைக்காமல் அதே எண்ணிக்கையில் திருப்பித் தருவதையே முடிவாகச் சொன்னது. பவுன் கணக்கில் எழுதியிருந்தாலோ, பவுன்தான் கடன். எனவே பெண்ணின் வலீ, தஃப்தரில் கையெழுத்திடும் முன் "இத்தனை கிராம் தங்கம்" என்று எழுதச் சொல்லலாம்; அது பெண்ணின் உரிமை.

101 எழுதி முப்பது, நாற்பது வருடம் ஆன கணவர்களுக்கும் வழி உண்டு. நிர்ணயித்த மஹருக்குப் பின் இருவரும் பொருந்திக்கொள்வதில் குற்றமில்லை என்று அந்நிஸா அத்தியாயம் 24ஆம் வசனம் அனுமதிக்கிறது. மனைவியோடு பேசி, மனமுவந்து கூட்டிக் கொடுத்து, அதை இரண்டு சாட்சிகளோடு எழுதி வைக்கலாம்.