பாமினிக்குள் பூட்டிக் கிடக்கும் நமது ஊர் வரலாறு

2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் நமது பகுதியில் வெளிவந்த பாடசாலை மலர், பள்ளிவாசல் அறிக்கை, கல்யாணக் காட் எதை எடுத்தாலும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகியிருக்கும். அந்தக் கோப்புகளில் எத்தனையை இன்று திறந்து வாசிக்க முடியும் என்று யோசித்திருக்கிறோமா?

மாணவர்களுக்காக நாங்கள் நடத்திய பழைய இணையத்தளத்தை இப்போது புதிதாக அமைத்து வருகிறோம். அதில் இருந்த வரலாற்றுப் பாடக் குறிப்புகள் எல்லாமே பாமினி. கைத்தொலைபேசியில் திறந்தால் தமிழே இல்லை, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரிசை வரிசையாக வருகின்றன.

காரணம் இதுதான். பாமினியில் நாம் 'அம்மா' என்று அடித்தால் கணினி அதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமித்தது. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய வேலை அது. போர்வையான எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். தேடினாலும் அகப்படாது.

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் அது நமது மேசைக்கு வரக் காலம் எடுத்தது. விண்டோஸ் 2000இல்தான் மைக்ரோசொப்ட் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு தந்தது. அதன் பிறகும் அச்சகங்கள் பழகிய பாமினியை விடவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நமக்குத் தமிழில் எழுத வழி காட்டியது அதுதான்.

இந்த அனுபவம் இலங்கை முஸ்லிம்களுக்குப் புதியதல்ல. நமது மூத்த தலைமுறை தமிழை அரபு எழுத்தில் எழுதியது. அரபியில் இல்லாத ட, ப, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து எழுத்துகளை உருவாக்கிக்கொண்டார்கள். மார்க்க நூல்கள், பாடல்கள், கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. இன்று குர்ஆனைச் சரளமாக ஓதும் பிள்ளையும் தன் மூதாதையரின் அரபுத் தமிழ் ஏட்டை வாசிக்கத் தடுமாறுகிறது. ஏடு இருக்கிறது, மொழியும் நம்முடையதுதான். வாசிக்கும் பழக்கம்தான் கைமாறவில்லை.

அறிஞர் சித்திலெப்பை 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை வெளியிட்டார். அது தமிழ் எழுத்தில் அச்சானதால் இன்றைக்கும் அதன் பக்கம் கிடைத்தால் ஒரு சாதாரண தரம் படிக்கும் மாணவனே வாசித்துவிடுவான். நூறு வருடத்துக்கு முந்திய காகிதத்தை வாசிக்க முடிகிறது, இருபது வருடத்துக்கு முந்திய இறுவட்டை வாசிக்க முடியவில்லை.

இணையத்தில் ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ 2009 ஒக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் ஓடியோடிப் பிரதி எடுத்ததால்தான் ஒரு பகுதி தப்பியது.

நாம் இழந்தது ஏற்கெனவே அதிகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்கள் வீட்டையும் அதிலிருந்த ஆவணங்களையும் விட்டுத்தான் வந்தார்கள். 2004 சுனாமி கிழக்குக் கரையில் மிச்சமிருந்ததையும் அள்ளிச் சென்றது. அவை நம் கையை மீறியவை. இது அப்படியல்ல, ஒரு சில மாலை நேர வேலை.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் திருத்த வேண்டும், முக்கியமாக ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும். எழுத்து ஒன்று மாறினால் ஒரு குடும்பத்தின் பெயரே மாறிவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய இறுவட்டோ மலரோ இருந்தால் எறிய வேண்டாம். ஊர் அச்சகத்தின் பழைய கணினி பழைய இரும்புக்குப் போகுமுன் அதிலுள்ள கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களைச் சேர்த்துவரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கும் ஒன்றை அனுப்பலாம். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் வாசிப்பதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். இதற்கு மட்டும் தவணை சொல்ல வேண்டாம்.