ஒரு மேசையில் பல மொழிகள்

கணனி நிரலாளர் மத்தியில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. பல மொழிகளில் எழுதப்படும் செயற்றிட்டத்துக்கு எந்த ஒருங்கிணைந்த விருத்திச் சூழலைத் தெரிவு செய்வது? இதன் வரலாற்றை அறிந்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

ஆரம்பத்தில் நிரலை எழுத ஒரு மென்பொருள், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி தனியாக, பிழை தேட வேறொன்று என்றிருந்தது. 1983 இல் போர்லன்ட் நிறுவனம் வெளியிட்ட டேர்போ பஸ்கால், எழுதுவதையும் தொகுப்பதையும் ஒரே மென்பொருளில் இணைத்தது. விலை 49.95 டொலர். ஆயினும் அது ஒரு மொழிக்கான மேசையே.

1997 இல் மைக்ரோசொப்ட், விஷுவல் பேசிக், சி++ முதலானவற்றை விஷுவல் ஸ்டூடியோ என ஒரே பொதியாக விற்றது. வசதி பெரிது, அதற்கான விலையும் பெரிது. விஷுவல் பேசிக் 6 விருத்திச் சூழலுக்கான ஆதரவை 2008 ஏப்ரலில் அந்நிறுவனம் நிறுத்தியது. அதற்கு முன்னரே, 2002 இல் வந்த அதன் வாரிசு பழைய நிரல்களை அப்படியே ஏற்கவில்லை. கருவியை நம்பியோர் நிரலைத் திருத்தி எழுத நேர்ந்தது.

2001 நவம்பரில் ஐ.பி.எம். எக்லிப்ஸைத் திறந்த மூலமாக்கியது. ஜாவாவுடன் சி, பி.எச்.பி., பைதன் ஆகியனவும் சொருகிகள் மூலம் அதில் இடம்பிடித்தன. ஆனால் எக்லிப்ஸுக்கு எழுதிய சொருகி நெற்பீன்ஸில் இயங்காது. பத்துச் சூழல்களுக்கும் பத்து மொழிகளுக்கும் நூறு சொருகிகள் வேண்டும்.

இம்முடிச்சை அவிழ்த்தது 2016 ஜூனில் மைக்ரோசொப்ட், ரெட் ஹற், கோடென்வி ஆகியன அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறை. மொழி பற்றிய அறிவு தனி நிரலாகப் பிரிந்தது. எந்தத் தொகுப்பானும் அதனிடம் பொதுவான முறையில் கேட்டறியலாம். நூறு வேலை இருபதாகக் குறைந்தது. அந்நெறிமுறை பிறந்த விஷுவல் ஸ்டூடியோ கோட் குழுவை வழிநடத்தியவர் எரிக் காமா. எக்லிப்ஸின் ஜாவாக் கருவிகளை முன்னர் உருவாக்கியவரும் அவரே.

2022 டிசம்பர் 15 அன்று அற்றம் என்ற தொகுப்பான் மூடப்பட்டது. மொழிச் சேவையகங்கள் அதனுடன் மறையவில்லை.

ஆகவே அழகையும் வேகத்தையும் பார்க்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இச்சூழல் நாளை மூடப்பட்டால் என் செயற்றிட்டம் வேறிடத்தில் திறக்குமா? தொகுக்கும் கட்டளைகள் சூழலின் அமைப்புகளுக்குள் ஒளிந்திராமல், நிரலுடன் சேர்ந்த கோப்புகளில் இருக்கட்டும். மேசை மாறலாம்; எழுதியது நிலைக்க வேண்டும்.